சீட்டுக்குத் தைத்த பாவாடை

மூத்தவளுக்குக் கோபம் வருவது குடும்பத்தில் யாருக்கும் செய்தியே அல்ல. டீயில் சர்க்கரை கூடினால் வரும். கதவை அடித்துச் சாத்தினால் வரும். கத்தரிக்கோலை எடுத்தவர் எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் கட்டாயம் வரும். "அக்கா கோபம் டீ ஆறுறதுக்குள்ள ஆறிடும்" என்று அவள் தங்கையே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அதனால் மூத்தவள் கத்த ஆரம்பித்தால் மற்றவர்கள் காதைக் கழற்றி வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். இதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று அந்தச் சனிக்கிழமை காலை வரைக்கும் அவளுக்கே தெரியாது.

ஷெட்டில் பாதி அவளுடையது, பாதி அவள் கணவருடையது. அவள் சீட்டு தைப்பவள். கார், பஸ், வேன் என்று எது வந்தாலும் கிழிந்த சீட்டைப் பிரித்து, ஃபோம் மாற்றி, புது உறை போட்டு அனுப்புவாள். அவர் தச்சர். சரக்கு ஏற்றுகிற காலி வேனைக் கொண்டுவந்து நிறுத்தினால், கட்டில், அலமாரி, மடக்கு மேஜை, பாத்திரம் கழுவத் தொட்டி எல்லாம் வைத்து, படுத்து எழுந்து ஊர் சுற்றுகிற கேம்பர் வேனாக மாற்றிக் கொடுப்பார். இரண்டு பாதிக்கும் நடுவில் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு. மரத்தூள் அந்தக் கோட்டைத் தாண்டி வந்தால் அதற்கும் தனியாக ஒரு கோபம் உண்டு.

அன்று அவள்தான் கோட்டைத் தாண்டிப் போனாள், ஃபோம் துண்டு ஒன்றைத் தேடி. பலகைகளைச் சாய்த்து வைத்திருந்த மூலையில், எல்லாவற்றுக்கும் பின்னால், பிளாஸ்டிக் தாள் சுற்றிய ஏதோ ஒன்று நின்றது. இழுத்தாள். கனத்தது. தாளைக் கிழித்துப் பார்த்தால், கறுப்பு பெயின்ட் அடித்த இரும்புச் சட்டம். நான்கு கால்கள், ஒவ்வொரு காலடியிலும் போல்ட் போகிற துளை. கூடவே ஒரு பையில் உள்ளங்கை அகலத்துக்குத் தடித்த இரும்புத் தட்டுகளும் போல்ட்டுகளும். பையின் வாய் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

என்னவென்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. தங்கை வீட்டு வேனுக்கு வந்த இரட்டை சீட்டின் கால்கள் அவை. சீட்டு வந்து இறங்கிய அன்று, உறைக்கு அளவெடுக்க மேல்பகுதியைத் தனியாகத் தூக்கிப் போனவள் அவள்தான். கால் இங்கே இருக்கிறது. சீட்டு வண்டிக்குள் இருக்கிறது. அப்படியானால் சீட்டு எதன்மேல் நிற்கிறது?

வெளியே தச்சர் அதே வேனைத்தான் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி கழுவிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் தங்கையும் அவள் புருஷனும் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். மலைப் பக்கமாகப் போய் ஒரு வாரம் சுற்றிவிட்டு வருவதாகத் திட்டம். வேன் தயாரான பிறகு முதல் பயணம்.

தங்கை புருஷனுக்குக் குடும்பத்தில் 'ஐடியா' என்று பெயர். வாயைத் திறந்தாலே "எனக்கு ஒரு ஐடியா" என்றுதான் ஆரம்பிப்பான். வேன் வாங்கியதும் அவன் ஐடியாதான். நல்லவன், கலகலப்பானவன், ஆணிக்கும் திருகாணிக்கும் வித்தியாசம் தெரியாதவன். அவனுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள். ஒன்று செய்கிற சேட்டையை இன்னொன்று முடித்து வைக்கும் என்பதால் இரண்டுக்கும் சேர்த்து 'ரெட்டைவால்' என்று ஒரே பெயர். ரெட்டைவால் உட்காரத்தான் பின்னால் இரண்டு சீட்டு.

அந்தச் சீட்டு விஷயத்தில் ஒற்றைக்காலில் நின்றவள் மூத்தவள். மோதி நசுங்கிய வண்டிகளின் சீட்டுகள் அவளிடம் வரும். பெல்ட் இழுத்த இழுப்பில் இரும்பே வளைந்து கிடப்பதைக் கையால் தடவிப் பார்த்தவள். "பெஞ்சு செஞ்சு பெல்ட்டை ஆணி அடிக்கற வேலையெல்லாம் இங்க வேணாம். ஒப்புதல் வாங்கின சீட்டுதான் போடணும்" என்று ஒரு கத்து கத்தினாள். நல்லவேளையாக அது காதில் விழுந்தது. வாங்கினார்கள். கம்பெனியிலேயே சீட்டு, பெல்ட், கால் மூன்றையும் ஒன்றாக மாட்டி, இழுத்துச் சோதித்து, ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிய சீட்டு. மூன்றும் சேர்ந்தால்தான் அது சீட்டு. கால் போனால் வெறும் மெத்தை.

அவள் வேனுக்குள் ஏறினாள். புது உறையில் சீட்டு மினுமினுப்பாக நின்றது. சீட்டின் அடியிலிருந்து தரைவரை அவள் தைத்த பாவாடை தொங்கியது. அதைக் கேட்டவர் தச்சர்தான். "கீழ தரை வரைக்கும் தொங்கற மாதிரி ஒரு பாவாடை தைச்சுக் குடேன், பார்க்க அம்சமா இருக்கும்" என்று வந்து நின்றார். மனுஷனுக்கு அழகுணர்ச்சி பொங்குகிறதே என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். மடிப்பு வைத்து, ஓரத்தில் வெளிர்நீல நூல் ஓட்டித் தைத்தாள். மாற்றிய வேனைச் சோதிக்க வந்த போக்குவரத்து அதிகாரி ஸ்டிக்கரைப் படித்தார், பெல்ட்டை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார், போட்டோ எடுத்துக்கொண்டார். குனிந்து துணியை விலக்கிப் பார்க்க மட்டும் அவர் தொப்பை இடம் கொடுக்கவில்லை. "தையல் பிரமாதம்மா" என்று சொல்லி ஒப்புதல் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பாராட்டை அவள் மிட்டாயைப் போல வாயில் போட்டு ஒரு வாரம் சப்பிக்கொண்டிருந்தாள்.

மண்டியிட்டுப் பாவாடையை விலக்கினாள்.

மரப்பெட்டி. நல்ல கனமான ப்ளைவுட், விளிம்பெல்லாம் வழவழவென்று இழைத்து வார்னிஷ் அடித்த அழகான பெட்டி. சீட்டை அந்தப் பெட்டியின் மேல்பலகையில் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார். பெட்டியை வேனின் தரைப்பலகையோடு திருகாணி வைத்து மாட்டியிருந்தார். தரைப்பலகையும் மரம். இரும்பு எங்கேயும் இல்லை. வண்டியின் உடம்புக்கும் அந்தச் சீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யாரும் பார்க்கக்கூடாத பெட்டிக்கு வார்னிஷ் வேறு. அதைப் பார்த்துத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க! இங்க வாங்க!"

தச்சர் ஈரக்கையோடு வந்து வேன் கதவருகே நின்றார். அவள் விலக்கிப் பிடித்திருந்த துணியைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைத் துடைக்க ஒரு துணி தேடுவதுபோல அங்குமிங்கும் பார்த்தார்.

"இரும்புக் கால் எங்கே?"

"அது... உள்ள இருக்கு."

"உள்ள இருக்குன்னு எனக்குத் தெரியும். இப்பதான் பார்த்துட்டு வரேன். ஏன் இங்க இல்லைன்னு கேக்கறேன்."

"மெதுவாப் பேசு. பக்கத்து ஷெட்ல ஆள் இருக்கு."

"இருக்கட்டும்! நல்லாக் கேக்கட்டும்!"

தச்சர் வேனுக்குள் ஏறிக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். விஷயத்தை மென்று விழுங்கித்தான் சொன்னார். சீட்டு வர வேண்டிய இடத்துக்கு நேர் கீழே டீசல் டேங்க் இருக்கிறது. இரும்புக் காலை மாட்டுவதென்றால் தரைத் தகட்டில் துளை போட்டு, அடியில் அந்தத் தட்டுகளைக் கொடுத்து முடுக்க வேண்டும். அதற்கு டேங்கை இறக்க வேண்டும். இவருக்கு அது பழக்கமில்லாத வேலை, வெளியிலிருந்து மெக்கானிக் வர வேண்டும், நாளாகும். ஐடியா அதற்குள் லீவு போட்டாகிவிட்டது, தங்க இடமும் பிடித்தாகிவிட்டது. தவிர, இரும்புக் காலில் சீட்டு தாழ்ந்து போகிறது. பெட்டியில் வைத்தால் கட்டிலோடு சமமாக வருகிறது, ராத்திரி மெத்தையை இழுத்துப் போட்டால் பெரிய படுக்கையாகிவிடும். அது ஐடியாவின் ஐடியா. "சகல கை பட்டா எல்லாம் நடக்கும்" என்று வேறு சொல்லிவிட்டான்.

சொன்னானா? போச்சு. அதற்குமேல் இந்த மனுஷனிடம் என்ன பேசுவது? தச்சருக்கு வராத சொல் உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு: முடியாது. அதிலும் சகலை ஒரு வார்த்தை புகழ்ந்துவிட்டால் போதும், மனுஷன் உச்சி குளிர்ந்து போய்த் தன் வீட்டுக் கூரையைக்கூடப் பிரித்துக் கொடுத்துவிடுவார். மாமனார் வீட்டு வகையில் தன்னை ஒரு பெரிய கைகாரன் என்று நினைக்கிறார்கள் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

"நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு" என்றார் தச்சர். "நானும் சகலையும் ஏறி நின்னு குதிச்சோம். ஒரு சத்தம் வரல."

"பிள்ளைங்க அதுமேல குதிக்கவா போறாங்க? வண்டி சடார்னு நின்னா முன்னால பாய்வாங்க. சீட்டு அவங்களைப் புடிச்சு நிறுத்தணும். இது அவங்களோட சேர்ந்து பாயும். முதுகுல இந்த மொத்தப் பெட்டியையும் கட்டிக்கிட்டுப் பாய்வாங்க. புரியுதா?"

"அதிகாரியே பார்த்துட்டுப் போயிட்டார்."

"அதிகாரி என் தையலைப் பார்த்தார்! என் தையலைக் காட்டி நீங்க அந்த ஆளை ஏமாத்தினீங்க. என்னையும் சேர்த்துத்தான்."

எதற்கு இந்தப் பாவாடை என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலையும் அவர்மேலேயே கொட்டினாள். தச்சர் எல்லாவற்றையும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு பொறுமை தெரிந்தது. டீ ஆறட்டும் என்று காத்திருக்கிற பொறுமை. அது அவளை இன்னும் கொளுத்திவிட்டது.

"கல்லு மாதிரி நிக்கும். என் மரத்தை நம்பு" என்றார் கடைசியாக.

அறியாமல் செய்துவிட்டார், மரத்தைத் தவிர வேறொன்றும் தெரியாத மனுஷன் மரத்தை நம்பிவிட்டார் என்று அவள் நினைத்தாள். அப்படி நினைத்ததில் ஒரு சின்ன ஆறுதல்கூட இருந்தது. முட்டாள்தனத்தைத் திட்டித் திருத்திவிடலாம்.

அதற்குள் வாசலில் ஹாரன் சத்தம். தங்கை குடும்பம் வாடகைக் காரில் வந்து இறங்கியது. மூட்டை, முடிச்சு, போர்வை, பந்து, தண்ணீர்க் கேன். ரெட்டைவால் இறங்கிய வேகத்தில் வேனுக்குள் புகுந்து, ஆளுக்கொரு பக்கம் சீட்டில் ஏறி, பெல்ட்டைத் தாங்களே இழுத்து க்ளிக் க்ளிக் என்று மாட்டிக்கொண்டன. போன வாரம்தான் பெரியம்மா சொல்லிக் கொடுத்திருந்தாள், பெல்ட் மாட்டினால் பயமே இல்லை என்று.

"பெரியம்மா, நாங்க ரெடி!"

தச்சர் பின்னால் வர, மூத்தவள் வேனை விட்டு இறங்கிக் கதவருகே நின்றாள். "இறங்குங்க ரெண்டு பேரும்" என்றாள்.

"ஏன்?"

"இறங்குன்னா இறங்கு!"

அவள் குரலில் குழந்தைகள் மிரண்டு இறங்கி அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. தங்கையின் முகம் சுருங்கியது.

"என்னக்கா இது, கிளம்பற நேரத்துல?"

"இந்த வண்டி போகாது. சீட்டு சரியில்ல."

ஐடியா சிரித்தான். "அண்ணி, ஒப்புதல் வாங்கியாச்சு அண்ணி. ஸ்டிக்கர் கண் முன்னால இருக்கு."

"ஸ்டிக்கர் சீட்டுல இருக்கு தம்பி. சீட்டு எதுல இருக்குன்னு பாருங்க."

இடுப்புப் பையிலிருந்து தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்தாள். வேனுக்குள் ஏறினாள். வெளிர்நீல நூலில் கத்தி முனையைக் கொடுத்து ஒரே இழுப்பு. சர்ரென்று முன்பக்கத் துணி பிரிந்து தொங்கியது. இரண்டு நாள் உட்கார்ந்து தைத்த தையல். பெட்டி பல்லைக் காட்டிக்கொண்டு வெளியே வந்தது.

ஐடியா குனிந்து பார்த்தான், விரலை மடக்கித் தட்டிப் பார்த்தான். "நல்ல மரம்தானே? சகல, நாம குதிச்சோமே, இந்தப் பெட்டி மேலதானே?"

"ஆமா சகல" என்றார் தச்சர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்புறம் என்ன அண்ணி?"

அவள் சொன்னாள். இரும்புக் காலைத் தூக்கி வந்து போட்டே சொன்னாள். டேங்க், தட்டு, போல்ட், பாய்ச்சல் எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. குரல் ஏற ஏற எதிரில் இருந்தவர்களின் முகம் மூடிக்கொண்டது. அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. சர்க்கரை கூடிய டீக்கும், அடித்துச் சாத்திய கதவுக்கும் இதே குரலைத்தான் கொடுத்திருக்கிறாள். இன்றைக்கு உயிர் போகிற விஷயத்துக்குக் கொடுக்க வேறு குரல் கையில் இல்லை.

தங்கை பக்கத்தில் வந்து தோளைத் தொட்டாள். "அக்கா, நான் போய் டீ போட்டுக் கொண்டு வரேன். மொதல்ல ஒரு வாய் குடி. மாமா பார்த்துப் பார்த்துச் செஞ்சிருக்கார். எல்லாரும் சந்தோஷமா இருக்கற நேரத்துல நீ இப்படித்தான் ஏதாவது ஒண்ணைப் புடிச்சுக்குவே."

"ஒரு வாரம்தானே அண்ணி. மெதுவாத்தான் ஓட்டுவேன். வந்ததும் டேங்கை இறக்கி மாத்திடலாம். எப்படி என் ஐடியா?" என்றான் ஐடியா.

மூத்தவள் சட்டென்று கத்துவதை நிறுத்தினாள். அதுவே எல்லோருக்கும் புதிதாக இருந்தது. தங்கைகூடத் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"சரி" என்றாள் மூத்தவள். "நீங்க ரெண்டு பேரும் ஏறுங்க."

"யாரு?"

"நீங்களும் உங்க சகலையும். ரெட்டைவால் உட்கார்ற இடத்துல உட்காருங்க, பெல்ட்டைப் போடுங்க. நான் ஓட்டறேன். பின்னால ரோடு காலியா இருக்கு. ஒரு ஓட்டம் போய் ஒரே ஒரு பிரேக் போடறேன். சீட்டு நின்னுடுச்சுன்னா நான் வாயை மூடிக்கறேன். உங்க பிள்ளைங்களை நானே ஏத்திவிட்டுக் கை ஆட்டறேன்."

"இவ்வளவுதானா? வாங்க சகல, ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாம். அண்ணி மனசு சமாதானமாகட்டும்!" ஐடியா ஒரே தாவலில் ஏறிப் பெல்ட்டை மாட்டி, போனை எடுத்துப் படம் பிடிக்கவும் ஆரம்பித்துவிட்டான். தச்சர் அசையவில்லை.

"வாங்க" என்றாள் அவள்.

"எதுக்கு இதெல்லாம்? வீம்புக்குப் பண்றே."

"வீம்புதான். ஏறுங்க."

தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து ஷெட்டின் பெயின்டர் பார்த்துக்கொண்டிருந்தார். ஐடியா உள்ளிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தான். முடியாது என்று சொல்லத் தெரியாத மனுஷன் ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டின் நாக்கு பூட்டுக்குள் போக மறுத்தது. இரண்டு முறை தவறி மூன்றாவது முறை விழுந்தது. பூட்டில் ஒரு கோளாறும் இல்லை.

ஷெட்டுகளுக்குப் பின்னால் ஓடுகிற அந்தச் சாலையில் வாரநாளில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். சனிக்கிழமை ஈ காக்கை இருக்காது. இருபுறமும் நீளமான சுவர், நடுவில் நேரான தார்ச்சாலை. அவள் கண்ணாடியைத் திருப்பிப் பின்சீட்டைப் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டாள். ஐடியாவின் பல் தெரிந்தது. தச்சரின் முகம் தெரியவில்லை, குனிந்திருந்தார்.

கியரை மாற்றினாள். வண்டி வேகம் பிடித்தது. புது அலமாரிக்குள் தட்டுகள் கிலுகிலுத்தன. பிரேக்கை நிஜமாகவே மிதிக்கப் போகிறாளா என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. இவ்வளவு வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷன் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் கோபம் அவள் காலுக்கு இறங்கிவிட்டிருந்தது. இன்னும் கொஞ்சம் வேகம். சுவர்கள் பின்னால் ஓடின.

"அண்ணி சூப்பரா ஓட்டறாங்க" என்றான் ஐடியா போனைப் பார்த்து.

"ரெண்டு பேரும் ரெடியா?" என்று கேட்டாள் அவள். "போடப் போறேன்!"

"போடாதே!"

கண்ணாடியில் தச்சரின் முகம் வந்தது. ரத்தம் சுண்டிய முகம். இரண்டு கையாலும் பக்கத்துக் கட்டிலின் சட்டத்தைப் பிடித்திருந்தார். சீட்டை அவர் பிடிக்கவில்லை. தான் செய்த பெட்டியின் மேலிருந்த சீட்டை விட்டுவிட்டுக் கட்டிலைப் பிடித்திருந்தார்.

"போடாதே, போடாதேம்மா! நிறுத்து! மெதுவா நிறுத்து!"

ஐடியாவின் சிரிப்பு பாதியில் நின்றது. போன் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "ஏன் சகல? போடட்டுமே. ஏன் போடக்கூடாது?"

தச்சர் கட்டில் சட்டத்தை இன்னும் விடாமல் பிடித்திருந்தார்.

"சகல, உங்களத்தான் கேக்கறேன்."

"தாங்காது" என்றார் தச்சர்.

மூத்தவள் காலை எடுத்தாள். விளிம்பு வரைக்கும் நிரம்பிய பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பதுபோல, வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாக்கிச் சுவரோரம் கொண்டுவந்து நிறுத்தினாள். என்ஜினை அணைத்தாள். அலமாரிக்குள் ஒரு தட்டு கடைசியாக ஒருமுறை கிலுங்கிவிட்டு அடங்கியது.

அவள் திரும்பிப் பார்த்தாள். இதுவரை வந்தது கோபமே இல்லை என்று இப்போதுதான் தெரிந்தது. டீக்கும் கதவுக்கும் மரத்தூளுக்கும் வந்ததெல்லாம் வெறும் சத்தம். இது வேறு. இது சத்தமே இல்லாமல் நெஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்தது.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

அவர் பெல்ட்டின் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"டேங்க் குறுக்க இருக்குன்னு பார்த்த அன்னிக்கே" என்றார் தச்சர். "பெட்டி சும்மா நிக்கும், பிரேக் புடிச்சாப் பிச்சுக்கிட்டு வந்துடும்னு... தெரியும். சகல மெதுவாத்தானே ஓட்டுவார், ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். முடியாதுன்னு எப்படிச் சொல்றது? அவ்வளவு ஆசையாக் கேட்டார்."

"அதான் பாவாடை கேட்டீங்க."

"ம்."

"அதிகாரி பார்க்கக்கூடாதுன்னு."

"உனக்கும் தெரியக்கூடாதுன்னுதான்" என்றார் அவர்.

தெரியாமல் செய்த முட்டாளை மன்னித்து இவ்வளவு வருஷம் சமைத்துப் போட்டிருக்கிறாள். இவரை என்ன செய்வது? அவளுக்குத் தெரியவில்லை. அறைய வேண்டும் போலிருந்தது. இறங்கி நடந்தே எங்கேயாவது போய்விட வேண்டும் போலிருந்தது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஐடியா போனை அணைத்துப் பைக்குள் போட்டான். பெல்ட்டைக் கழற்றினான். தான் உட்கார்ந்திருந்த இடத்தைக் கையால் தொட்டுப் பார்த்தான். அது தன் மகள் உட்காரும் இடம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். எப்போதும் ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கும் வாயில் அன்று ஒரு ஐடியாவும் வரவில்லை.

"என் பிள்ளைங்க சகல" என்றான். அவ்வளவுதான் சொன்னான். இறங்கி, வேனுக்கு முன்னால் தனியாக நடக்க ஆரம்பித்தான். மூத்தவள் அவனுக்குப் பின்னால் நடைவேகத்திலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு ஷெட்டுக்குத் திரும்பினாள். தச்சர் பெல்ட்டைக் கழற்றாமல் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

வாசலில் ரெட்டைவால் காத்திருந்தது. பெரியப்பாவும் அப்பாவும் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்ததை இரண்டும் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தன. வேன் நின்றதும் கதவில் தொற்றிக்கொண்டன.

"இப்ப எங்க முறை! இப்ப எங்க முறை! பெரியப்பா, எழுந்திருங்க!"

ஆளுக்கொரு கையாகப் பிடித்து அவரை இழுத்தன. தச்சர் ஐடியாவைப் பார்த்தார். ஐடியா வாயைத் திறக்கவில்லை. மனைவியைப் பார்த்தார். அவளும் திறக்கவில்லை. இதை யாரும் அவருக்குப் பதிலாகச் சொல்லப் போவதில்லை என்று தெரிந்துபோயிற்று.

"முடியாதும்மா" என்றார் தச்சர். "முடியாது. இதுல நீங்க உட்காரக் கூடாது. பெரியப்பா தப்பாச் செஞ்சுட்டேன்."

தங்கையின் கையில் டீ டம்ளர் இருந்தது. அவள் மாமாவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், கடைசியில் அக்காவைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. பிள்ளைகளை இழுத்துத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். டம்ளரை அக்காவின் தையல் மெஷின்மேல் வைத்தாள்.

மூத்தவள் இரும்புச் சட்டத்தைத் தரையில் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். அது சாக்பீஸ் கோட்டின் குறுக்கே கீறிக்கொண்டு வந்தது. தச்சரின் காலடியில் போட்டாள்.

"மெக்கானிக்குக்கு போன் போடுங்க. டேங்கை இறக்கட்டும். போல்ட் முடுக்கினதும் அந்த அதிகாரியை மறுபடியும் கூப்பிடுங்க. குனிஞ்சு பார்க்கச் சொல்லுங்க. என்ன நடந்துதுன்னு நீங்களே உங்க வாயால சொல்லுங்க."

"லீவு போயிடுமே" என்று ஐடியாவைப் பார்த்து முனகினார் தச்சர், பழக்கதோஷத்தில்.

"போகட்டும்" என்றான் ஐடியா.

தச்சர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மூத்தவள் வேனுக்குள் ஏறி மண்டியிட்டு உட்கார்ந்தாள். சின்னக் கத்தியால் மிச்சமிருந்த பாவாடையை ஒவ்வொரு பக்கமாகப் பிரிக்க ஆரம்பித்தாள். பெட்டியின் வார்னிஷ் வெளிச்சத்தில் பளபளத்தது. நல்ல வேலைப்பாடு, சந்தேகமே இல்லை. அதை நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. மெஷின்மேல் டீ ஆறி, ஆடை கட்டி, அந்த ஆடையும் சுருங்கிப் போயிற்று. அவள் பக்கம் யாரும் வரவில்லை, ஆறிவிட்டதா என்று யாரும் கேட்கவும் இல்லை.

ரெட்டைவாலில் ஒன்று மட்டும் அம்மாவின் பிடியிலிருந்து நழுவி வந்து வேன் படியில் கன்னத்தை வைத்துக்கொண்டு பார்த்தது.

"பெரியம்மா, ஏன் பிரிக்கறீங்க? அது அழகா இருந்துச்சே."

"அதனாலதான்" என்றாள் மூத்தவள், அடுத்த தையலில் கத்தியை வைத்து.